‘மீள்வு’ வேண்டாம்: திரும்ப வரும் மலேரியாவுக்குச் சொற்கள்

வணக்கம்.

மலேரியா மருந்தாய்வுகளில் வரும் ரிலாப்ஸ் (குணமான நோய் திரும்ப வருவது) என்பதற்கு ‘மீள்வு’ என்று வைக்கலாம் என்ற யோசனையை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘நோயாளி 35ஆம் நாள் மீண்டார்’ என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். குணமாகிவிட்டார் என்றுதான் யாரும் படிப்பார்கள். ‘மீண்டும்’ என்றால் திரும்பவும், ‘மீண்டார்’ என்றால் பிழைத்துக்கொண்டார். ‘மீள்வு விகிதம்’ என்று ஒரு அட்டவணைக்குத் தலைப்பு வைத்தால், எண் கூடியது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்றே தெரியாது. மருத்துவ அறிக்கையில் இந்தக் குழப்பம் கூடவே கூடாது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ‘காய்ச்சல் திரும்பி வந்தால்’ என்று ஒருமுறை ஒப்புதல் படிவம் ஒன்றில் எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டியபோது ஒரு அம்மா கேட்டார்: “மருந்து வேலை செய்யாம வருதா, இல்ல புதுசா கொசு கடிச்சு வருதா?” ஆய்வாளர்கள் தலையை உடைத்துக்கொள்ளும் கேள்வியும் அதுதான். மலேரியா திரும்பி வர மூன்று வழிகள் உண்டு. எந்த வழியில் வந்தது என்பதைச் சொல்லே காட்டிவிட வேண்டும்.

புதிதாகக் கொசு கடித்து வருவது ‘மறுதொற்று’. இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது.

ரெக்ருடெசென்ஸ் என்பது இரத்தத்திலேயே சில ஒட்டுண்ணிகள் மருந்துக்குத் தப்பி, நுண்ணோக்கிக்கும் அகப்படாத அளவில் கிடந்து, பிறகு பெருகுவது. நீறு பூத்த நெருப்பு என்பார்களே, அதேதான். முதலில் ‘கனன்றெழல்’ என்று நினைத்தேன். கவிதைக்குத்தான் பொருந்தும் என்று விட்டுவிட்டேன். எஞ்சியவை பெருகுவதால் ‘எச்சப்பெருக்கம்’. மருந்து தோற்றதா என்பதைச் சொல்வது முக்கியமாக இதுதான். அதனால்தான் ஃபால்சிபாரம் என்ற மலேரியா வகையின் ஆய்வில் நோயாளியை 28 நாளோ 42 நாளோ தொடர்ந்து பார்த்து, காய்ச்சல் திரும்பினால் முதல் நாள் இரத்தத்தையும் அன்றைய இரத்தத்தையும் எடுத்து ஒட்டுண்ணியின் மரபணுக்களை ஒப்பிடுகிறார்கள். ஒத்துப்போனால் எச்சப்பெருக்கம், வேறாக இருந்தால் மறுதொற்று.

ரிலாப்ஸ்தான் விசித்திரமானது. வைவாக்ஸ், ஓவேல் என்ற வேறு இரு மலேரியா வகைகளின் ஒட்டுண்ணிகளில் சில, கல்லீரலில் பேசாமல் படுத்துக்கிடக்கும். இரத்தம் முற்றிலும் சுத்தமாகியிருக்கும். மூன்று நான்கு வாரம் கழித்தோ, சில வகைகளில் எட்டு மாதத்துக்கு மேல் கழித்தோ, அவை விழித்து இரத்தத்துக்குள் இறங்கும். அந்தத் தூங்கும் நிலைக்கு ஹிப்னோசோயிட் என்று 1978இல் பெயர் வைத்தார்கள். கிரேக்கத்தில் ஹிப்னோஸ் என்றால் உறக்கம். நாம் ‘உறங்குயிரி’ என்போம். உறங்கு, உயிரி இரண்டும் எவ்வளவு இயல்பாகப் புணர்கின்றன, பாருங்கள். ‘உறங்கணு’ என்றும் சொல்லலாம்தான், ஆனால் இது முழு உயிரி. ‘அணு’ என்றதும் உடலின் உயிரணுவோடு குழப்பிக்கொள்வார்கள்.

சரி, உறங்குயிரி எழுந்தால் வரும் காய்ச்சலுக்கு என்ன சொல்? ‘விழிப்பு’ ஆகாது, அது விழிப்புணர்வின் பக்கம் இழுக்கிறது. ‘மறுதுளிர்ப்பு’ ஆசையாக இருந்தது. அறுத்த கரும்பின் கட்டையிலிருந்து மறுதாம்பு வருகிறதே, அதே போல இங்கே கல்லீரல்தான் கட்டை. ஆனால் துளிர் மங்கலமான சொல், நோய்க்கு ஒட்டவில்லை. முளைப்பது அப்படியல்ல, களையும் முளைக்கும். எனவே ‘மறுமுளைப்பு’. இதில் சிகிச்சையின் தர்க்கமும் விளங்கிவிடுகிறது: குளோரோகுயின் என்ற மருந்து மேலே, அதாவது இரத்தத்தில் இருப்பதை அறுக்கும், பிரைமாகுயின் என்ற மருந்து கல்லீரலில் உள்ள வேரை அழிக்கும். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்குப் பிரைமாகுயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும் என்பதால் முன்கூட்டியே சோதனை செய்வதையும் அப்புறம் எளிதாக விளக்கலாம்.

வைவாக்ஸில் மரபணு ஒப்பீடும் கைகொடுக்காத நேரம் உண்டு. முளைத்து வருவது முதலில் வந்ததைப் போலவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். அப்படி வகை பிரிக்க முடியாதபோது எழுத, மூன்றுக்கும் பொதுவாக ஒரு சொல் கட்டாயம் தேவை. அதற்கு ‘மறுவரவு’ போதும். எங்கிருந்து வந்தது என்று அது எதுவும் சொல்வதில்லை.

எச்சம் என்றதும் பறவையின் எச்சம் நினைவுக்கு வருகிறது என்று சிலர் சொல்லக்கூடும். அதைவிட நல்ல சொல் கிடைத்தால் உடனே மாற்றிக்கொள்கிறேன், ‘மீள்’ என்று தொடங்காமல் இருந்தால் போதும்.