அக்கா கனடாவில் வாழ்கிறார் என்பதைக் காகிதத்தில் காட்டியது எப்படி: எங்கள் அனுபவங்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து:

கனடாவில் குடியேற விண்ணப்பிக்கும்போது, அங்கே உறவினர் இருப்பதைச் சொல்லி மதிப்பெண் கோரும் யாருக்கும் பயன்படும் என்பதால் நடந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நான் மணலியில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். 2022-இல் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற கனடாவின் ஆன்லைன் குடியேற்ற முறை வழியாக, ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர் எனும் திறன்பெற்ற பணியாளர்களுக்கான பிரிவில் விண்ணப்பித்தேன். அந்தப் பிரிவுக்குத் தகுதி பெறவே 100-க்கு 67 மதிப்பெண் வேண்டும். எனக்கு வயது 37, அதற்கு 10, பி.இ. படிப்புக்கு 21, வேலை அனுபவத்துக்கு 15, ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் நான்கு பிரிவுகளிலும் சிஎல்பி (கனடாவின் மொழித்திறன் அளவுகோல்) 8 வந்ததால் 20. கூட்டிப் பார்த்தால் 66. ஒரே ஒரு மதிப்பெண் குறைந்தது. பிராம்ப்டனில் இருக்கும் என் அக்காவின் பெயரால் கிடைத்த 5 மதிப்பெண்தான் என்னை 71-க்குக் கொண்டு போய்ச் சேர்த்தது.

பிறகு ஒரு மாகாணத்தின் நாமினேஷன், அதாவது பரிந்துரை, கிடைத்தது. தகுதிக்கான அந்த 67 வேறு, விண்ணப்பதாரர்களை வரிசைப்படுத்தும் தரவரிசை வேறு; அந்தத் தரவரிசையில் 600 புள்ளிகள் சேர்ந்தன. உடன்பிறந்தவர் அங்கே இருப்பதற்காக அந்தத் தரவரிசையிலும் தனியாக 15 புள்ளிகள் உண்டு. 600 வந்த பிறகு அக்காவின் காகிதங்களைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள் என்று நான் எண்ணியது பெரிய தவறு. மேலே எத்தனை புள்ளிகள் சேர்ந்தாலும், கீழே அந்த 67 நிற்க வேண்டும். அக்காவின் 5 விழுந்தால் நான் 66-க்குத் திரும்பிவிடுவேன். அந்தப் பிரிவில் எனக்கு இடமே இருக்காது.

விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வந்ததிலிருந்து 60 நாட்களுக்குள் எல்லா ஆவணங்களையும் பதிவேற்ற வேண்டும். நான் அமர்த்தியிருந்த கன்சல்டன்ட், அக்கா கனடாவில் இறங்கியபோது கொடுத்த நிரந்தர வசிப்புரிமை உறுதிச் சான்று, அவருடைய பிஆர் கார்டு (நிரந்தரவாசி அட்டை), மாமா வாங்கிய வீட்டின் பத்திரம், அவர்களுடைய திருமணச் சான்றிதழ் ஆகியவை போதும் என்றார். நானும் நம்பிச் சேர்த்துவிட்டேன். சில மாதங்கள் கழித்து, அக்கா கனடாவில் தற்போது வசிப்பதற்கான ஆதாரத்தைக் கேட்டு, கனடாக் குடிவரவுத் துறையிடமிருந்து என் ஆன்லைன் கணக்குக்குக் கடிதம் வந்தது. பதிலளிக்க 10 நாட்கள் கொடுத்திருந்தார்கள்.

அந்தக் கடிதத்தைப் பலமுறை படித்த பிறகுதான் விஷயம் எனக்குப் பிடிபட்டது. அவர்கள் மூன்று தனித்தனிக் கேள்விகளைக் கேட்கிறார்கள். இவர் உனக்கு உண்மையில் என்ன உறவு? இவருக்கு அங்கே குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உண்டா? இவர் இன்றைக்கு அங்கே வாழ்கிறாரா? எங்கள் இருவரின் பிறப்புச் சான்றிதழ்கள் முதல் கேள்விக்கும், பிஆர் கார்டு இரண்டாவதற்கும் பதில் சொல்லிவிட்டன. இறங்கிய நாளில் கொடுத்த சான்றும் இரண்டாவது கேள்வியைத்தான் தீர்க்கும். இறங்கியவர் மறுவாரமே திரும்பி வந்திருந்தாலும் அந்தக் காகிதம் அப்படியேதான் இருக்கும். மூன்றாவது கேள்விக்கு நான் வைத்ததெல்லாம் மாமாவின் வீட்டைப் பற்றிய ஆதாரம். அதில் அக்கா இல்லை.

அன்று இரவு ஒன்பது மணிக்கு அக்காவை வீடியோவில் அழைத்தேன். அங்கே காலை பதினொன்றரை. வீட்டுப் பத்திரம், மின்சாரத்துக்கு வரும் ஹைட்ரோ பில், கேஸ், இன்டர்நெட், குடும்பத்துக்கே ஒன்றாக எடுத்த செல்போன் பில், கார் இன்சூரன்ஸ் என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, “அதுவும் மாமா பேர்லதான்டா” என்றே பதில் வந்தது. ஒன்பது வருடமாக அந்த வீட்டில் சமைத்து, இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, பனியில் நடந்து அவர்களைப் பள்ளியில் விட்டு வந்தவரின் பெயர், அந்த வீட்டுக்கு வரும் எந்த பில்லிலும் இல்லை. அதைக் கேட்டபோது, என் விண்ணப்பத்தைப் பற்றிய கவலையைவிட அதிகமாக, என் அக்காவை நினைத்து மனம் கனத்தது.

சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அக்கா சமையலறை அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பழைய நீல நிற பிஸ்கட் டப்பாவை இறக்கினார். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகளுக்கு அடியில் மடித்து வைத்த கடிதங்கள் இருந்தன. “இது பசங்க பணம் வர்ற லெட்டர்டா, இது எதுக்காவது ஆகுமா?” என்று ஒன்றை விரித்து கேமராவுக்கு நேரே பிடித்தார். அது கனடா சைல்ட் பெனிஃபிட் அறிவிப்பு. பிள்ளைகளுக்கான அந்த உதவித்தொகை பெரும்பாலும் தாயின் பெயரில்தான் வழங்கப்படுகிறது. அக்காவின் முழுப்பெயர், அதன் கீழே பிராம்ப்டன் முகவரி, அந்த ஆண்டு ஜூலை மாதத் தேதி என எல்லாம் அதில் இருந்தன. அந்தத் தொகை வர வேண்டுமென்றால், சம்பாத்தியம் இல்லாவிட்டாலும் கணவன், மனைவி இருவரும் வருடந்தோறும் வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். ஆகவே வருமான வரித் துறை அனுப்பும் நோட்டீஸ் ஆஃப் அசெஸ்மென்ட் என்ற வரி மதிப்பீட்டு அறிவிப்பும் வருடத்துக்கு ஒன்றாக அவருடைய பெயரிலேயே வந்திருந்தது. அது வெறும் வரிக் காகிதம் என்று அக்கா அதைப் பொருட்படுத்தவே இல்லை.

அந்த இரண்டையும் முதன்மை ஆதாரமாக வைத்தேன். அவர் பகுதிநேரமாகப் பொருட்கள் பொதியும் வேலைக்குப் போகும் இடத்திலிருந்து ஒரு கடிதம், அவர் பெயரில் உள்ள சேமிப்புக் கணக்கின் சமீபத்திய அறிக்கை, முகவரி அச்சிட்ட ஓட்டுநர் உரிமம், பிள்ளைகளின் பள்ளியிலிருந்து தாயின் பெயரும் முகவரியும் போட்டு வாங்கிய கடிதம் ஆகியவற்றைச் சேர்த்தேன். மாமாவின் ஹைட்ரோ பில்லையும் விட்டுவிடவில்லை; வீட்டின் பில்கள் ஏன் கணவர் பெயரில் இருக்கின்றன என்று அக்காவே ஒரு பக்கத்தில் விளக்கிக் கையெழுத்திட்ட கடிதத்தோடு, திருமணச் சான்றிதழையும் சேர்த்து அதை வைத்தேன். எல்லா ஆவணங்களிலும் ஒரே முகவரி இருப்பது கண்ணுக்குத் தெரியும்படி ஒரே கோப்பாக்கி, எட்டாவது நாள் பதிவேற்றினேன். அதன் பிறகு அக்காவைப் பற்றி வேறு கேள்வி வரவில்லை, விண்ணப்பம் ஏற்கப்பட்டது.

உறவுச் சான்று பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் இருவருமே ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் பிறந்தவர்கள். அக்காவின் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஆங்கிலத்தில் ‘டி’ என்று தொடங்கியது, என்னுடையதில் ‘டிஎச்’ என்று. போதாததற்கு, அக்காவின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் இருந்த இடத்தில் திருமணத்துக்குப் பிறகு மாமாவின் பெயர் ஏறிவிட்டது. இரண்டு எழுத்துமுறையும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று அப்பாவே ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி, ஐகோர்ட் எதிரில் நோட்டரியிடம் கையெழுத்திட்டுக் கொடுத்தார். இன்ஷியல் வைத்துக்கொள்ளும் நம் குடும்பங்களில் இந்தச் சிக்கல் அநேகமாக எல்லோருக்கும் வரும். அழைப்பு வரும் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே முடித்துவிடுங்கள்.

திருவொற்றியூரிலிருந்து:

தண்டையார்பேட்டை நண்பர் பிரித்துக் காட்டிய மூன்றாவது கேள்வியில்தான் என் விஷயமும் நின்றது. ஆனால் எனக்கு நேர்ந்தது அதற்கு நேர்மாறானது. அவருடைய அக்கா அங்கே வாழ்ந்தும் காகிதம் இல்லை. என் பெரியப்பாவுக்குக் காகிதமெல்லாம் இருந்தது, ஆனால் அவர் அங்கே வாழவில்லை.

பெரியப்பா கனடாக் குடிமகன். பணி ஓய்வுக்குப் பிறகு, பெரியம்மாவின் உடல்நிலைக்காக இரண்டு ஆண்டுகளாகத் திருவொற்றியூரில் எங்கள் வீட்டின் மாடியிலேயே தங்கியிருக்கிறார்; காலையில் தேரடிவரை நடந்து போய் வருவார். அவருடைய வங்கி அறிக்கை, கிரெடிட் கார்டு பில், வரி நோட்டீஸ் எல்லாம் இன்னமும் ஸ்கார்பரோவில் மகன் வீட்டு முகவரிக்கே வந்துகொண்டிருந்தன. “இதை வைத்தால் யாருக்குத் தெரியப் போகிறது” என்று எனக்குத் தெரிந்தவர்கள் பலர் சொன்னார்கள். சட்டம் கேட்பது கனடாவில் வாழும் உறவினரை. குடியுரிமை மட்டும் இருந்து வாழ்வது வேறெங்கோ என்றால் அந்த மதிப்பெண் நமக்கு உரியதல்ல. தவறான தகவல் கொடுத்ததாக முடிவானால் 5 ஆண்டுகளுக்கு விண்ணப்பிக்கவே முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் என்னைத் தடுத்தது அந்தத் தண்டனை மட்டுமல்ல. மாடியில் படுத்திருக்கும் மனிதரை ஸ்கார்பரோவில் இருப்பதாக எழுதி, அதில் அவருடைய கையெழுத்தையே வாங்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, அங்கேயே இருக்கும் பெரியப்பாவின் மகனைக் காட்டலாமே என்றால் அதுவும் ஆகாது. நாம் பிறந்ததிலிருந்து அண்ணன் என்று கூப்பிடுகிறோம். அவர்கள் கணக்கில் அவர் உடன்பிறந்தவர் அல்ல. பெற்றோர், தாத்தா பாட்டி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், பெற்றோரின் உடன்பிறந்தவர்கள், உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள் ஆகியோருக்குத்தான் 5 மதிப்பெண். பெரியப்பா கணக்கில் வருவார். அவர் பெற்ற அண்ணன் வரமாட்டார். நம் வீட்டில் உறவைச் சொல்லும் விதத்தை அப்படியே விண்ணப்பத்தில் எழுதினால், பொய் சொல்லும் எண்ணமே இல்லாமல் பொய்யில் போய் முடியும்.

எனக்கு வழி கிடைத்தது மனைவியின் பக்கம். துணைவர் மொழித் தேர்வில் சிஎல்பி 4 எடுத்தாலே அதே 5 மதிப்பெண் உண்டு. ஐஇஎல்டிஎஸ் ஜெனரலில் கேட்டலுக்கு 4.5, வாசிப்புக்கு 3.5, எழுத்துக்கும் பேச்சுக்கும் 4 எடுத்தால் போதும். தமிழ்வழியில் படித்த என் மனைவி இரண்டு மாதப் பயிற்சியில் அதற்கு மேலேயே எடுத்தார். உறவினரின் காகிதங்கள் வந்து சேரும் வரை காத்திருப்பவர்கள், இதையும் கையோடு செய்து வைத்துக்கொள்வது நல்லது.

பெரம்பூரிலிருந்து:

என் தம்பி அங்கே ஒரு வீட்டின் பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருந்தான். ஒப்பந்தம் இல்லை, வாடகை ரொக்கம், வீட்டுக்காரர் எழுதித் தரவும் மறுத்துவிட்டார். ஆகவே வாடகைச் சான்றை விட்டுவிட்டு, முகவரி அச்சான சம்பளச் சீட்டுகள் ஆறு மாதத்துக்கு, அவன் பெயரில் உள்ள போன் பில், வங்கி அறிக்கை, முதலாளியின் கடிதம், வரி நோட்டீஸ் ஆகியவற்றை வைத்தோம். ஒப்பந்தம் ஏன் இல்லை என்பதை மறைக்காமல் நான்கு வரியில் விளக்கக் கடிதத்தில் எழுதினோம். ஏற்றுக்கொண்டார்கள்.

வியாசர்பாடியிலிருந்து:

தண்டையார்பேட்டை அண்ணா, ஒரு சந்தேகம். என் தங்கை அங்கே நிரந்தரவாசி. அவளுடைய வசிப்புக் காகிதங்கள் தயாராகிவிட்டன. ஆனால் நாங்கள் ஒரே பெற்றோரின் பிள்ளைகள் என்பதற்கு உள்ள பழைய பிறப்புப் பதிவு கையால் தமிழில் எழுதப்பட்டது. என் சித்தி மகன் நல்ல மொழிபெயர்ப்பாளர். அவரே செய்து தருவதாகச் சொல்கிறார். அவரிடம் கொடுக்கலாமா?

தண்டையார்பேட்டையிலிருந்து:

கொடுக்க வேண்டாம், சகோதரி. விண்ணப்பிப்பவரும் அவருடைய குடும்பத்தாரும் செய்த மொழிபெயர்ப்பு செல்லாது. அந்தப் பட்டியலில் சித்தி, பெரியம்மா பிள்ளைகளும் வருகிறார்கள். மதிப்பெண்ணுக்கு உறவாக ஏற்காத ஒருவரை இந்த இடத்தில் மட்டும் உறவாக எடுத்துக்கொள்கிறார்கள். உறவில்லாத ஒரு மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, மொழிபெயர்ப்பு சரியானது என்று அவர் நோட்டரி முன்பு உறுதிமொழி கொடுத்த பத்திரத்தையும் கேட்டு வாங்குங்கள். தமிழ் மூலத்தின் நகல், மொழிபெயர்ப்பு, அந்த உறுதிமொழி மூன்றையும் ஒரே கோப்பில் வைக்க வேண்டும். தங்கையின் பெயர் எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கிறதா என்பதையும், பில்களின் தேதி பழையதாகிவிடவில்லையா என்பதையும் பதிவேற்றுவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, அங்கே ஏதாவது ஒரு பில்லில் இப்போதே தன் பெயரையும் சேர்த்துக்கொள்ளும்படி தங்கையிடம் சொல்லுங்கள். என் அக்கா ஹைட்ரோ கணக்கில் தன் பெயரைச் சேர்த்துவிட்டார். இரண்டு பெயரும் அச்சாகி வந்த முதல் பில்லைப் படம் எடுத்து, போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்.