கிளிங்கர் படகு: தறைபலகையா, ஏறுபலகையா?

> கிளிங்கர் என்ற பெயரே ஆணியை அடித்து மடக்கி இறுக்குவதிலிருந்து வந்ததுதான். ஆகவே தறைபலகை என்பதே பொருத்தம்.

ஐயா, வணக்கம்.

கிளிங்கருக்கு, அதாவது பலகை விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும்படி படகு கட்டும் முறைக்கு, நீங்கள் சொன்ன தமிழ்ச் சொல்லான தறைபலகை எனக்கும் முதலில் பிடித்துத்தான் இருந்தது. ரிவெட்டுக்குத் தறையாணி என்று சொல் இருக்கிறது. நான் கட்டும் படகில் போன கிழமை முழுக்கச் செய்ததும் அதே வேலைதான். செம்பு ஆணியை வெளியிலிருந்து இரண்டு பலகைக்கும் ஊடாக அடித்து, உள்பக்கம் சின்ன வில்லை ஒன்றைக் கோத்து, மிச்ச முனையை வெட்டிவிட்டுத் தட்டித் தட்டி மழுக்க வேண்டும். அந்த நேரம் வெளியே ஒருவர் ஆணித் தலையில் கனமான இரும்பை அழுத்திப் பிடிக்க வேண்டும். 67 வயதில் தனியாக முடியாது, மனைவிதான் பிடிக்கிறார்.

ஆனாலும் இரண்டு சிக்கல். பிளைவுட்டை எபோக்சியால் ஒட்டிக் கட்டும் கிளிங்கர் படகுகள் இப்போது நிறைய. அவற்றின் பலகை விளிம்பில் தறையாணியே கிடையாது. படகு என்னவோ கிளிங்கர்தான். மறுபக்கம், பலகைகளை விளிம்போடு விளிம்பு முட்டவைக்கும் கார்வலிலும் பலகையை வங்கோடு (உள்ளே நிற்கும் விலாச்சட்டத்தோடு) தறைவது உண்டு. அப்போது ஆணியை வைத்து எப்படிப் பிரிப்பது?

கண்ணுக்குத் தெரிகிற வேறுபாடு, மேல் பலகை கீழ்ப் பலகையின் வெளிப்புறத்தில் கொஞ்சம் ஏறி உட்கார்வதுதான். என் படகில் 20 மில்லிமீட்டர். நோர்வேயில் பேர்கனுக்குத் தெற்கே ஓஸ் பக்கத்து ஓசெல்வர் வகை அது (எழுத்தைப் பார்த்த தம்பி 'ஓ, செல்வர்!' என்று கேலி செய்கிறான்). பக்கத்துக்கு மூன்றே பலகை, நல்ல அகலம். முதலில் பலகை, பிறகுதான் வங்கு. சின்ன வயதில் வல்வெட்டித்துறையில் படகு கட்டும் ஓடாவிமார் வங்கை நிறுத்திவிட்டுப் பலகை வைப்பதைப் பார்த்தவனுக்கு இது தலைகீழ் வேலை. பழக ஒரு மாதம் ஆனது.

போன ஞாயிறு அதே தம்பியிடம் தொலைபேசியில் "ரெண்டாம் பலகை ஏத்தியாச்சு" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்தது. அதனால் ஏறுபலகை. கார்வலுக்கு முட்டுப்பலகை. 1938-இல் அமெரிக்காவின் குளொஸ்டர் வரை போய்ச் சேர்ந்த எங்கள் ஊர் அன்னபூரணியை முட்டுப்பலகைக் கப்பல் என்று சொல்லிப் பாருங்கள், இடறவில்லை.

*

> அதனால் ஏறுபலகை.

நண்பருக்கு,

பிளைவுட் வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஓட்டடுக்கு என்றும் யோசித்தேன். கூரையிலும் மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் ஏறித்தானே தண்ணீரை வடிக்கிறது? ஆனால் படகைக் கேட்டவர் வீட்டுக் கூரையைப் பார்ப்பார். ஏறுபலகையே இருக்கட்டும். தறைதலை மட்டும் வினையாக வைத்துக்கொள்ளுங்கள், அதை விட எனக்கு மனமில்லை. சரி, ஏறிக் கிடக்கும் அந்த 20 மில்லிமீட்டருக்கு என்ன பெயர்? ஏறுவாய் எனலாமா? அங்கேயும் கலப்பற்று அடிப்பீர்களா?

*

ஐயா,

ஏறுவாய் நன்று, எடுத்துக்கொள்கிறேன். கலப்பற்று இல்லை. அது முட்டுப்பலகையின் இடுக்கில் நாரை உளிவைத்துத் திணிப்பது. இங்கே பலகையை ஏற்றும்போதே தார் தோய்த்த கம்பளி நூலை ஏறுவாயில் வைத்துவிடுகிறோம்; ஆணி இறுகும்போது அதுவும் நசுங்கி அடைத்துக்கொள்ளும். மிச்ச ஒழுக்கைத் தண்ணீரில் ஊறிப் புடைக்கும் மரம் பார்த்துக்கொள்ளும் என்கிறார் படகு கட்டச் சொல்லித்தரும் வாத்தியார். அந்த நூலுக்கு இன்னும் சொல் இல்லை. மனைவி 'திரி' என்கிறார்.