டிக்கெட் புக்கிங் எஸ்ஆர்எஸ்: ஃப்ளோசார்ட் போதவில்லை, எந்தப் படம் போடுவது?

சன்னலோரசீட்:
பஸ் டிக்கெட் புக்கிங் மாடியூலுக்கு எஸ்ஆர்எஸ் (மென்பொருள் தேவை ஆவணம்), 60 பக்கம். 14 யூஸ் கேஸ் படம் (யார் சிஸ்டத்தில் என்ன செய்கிறார் என்று காட்டுவது), ஏ3 தாளில் ஒரே பெரிய ஃப்ளோசார்ட். அப்படியும் டெவலப்பர்கள் "ஹோல்ட் (பணம் கட்டும்வரை சீட்டைப் பிடித்து வைப்பது) முடிந்த பிறகு பேமெண்ட் வந்தால் என்ன செய்ய?" என்று கேட்கிறார்கள். ஃப்ளோசார்ட்டில் இன்னும் டைமண்ட் (ஆம்/இல்லை என்று கிளை பிரியும் பெட்டி) சேர்ப்பதா, வேறு படமா? எதில் வரைந்தால் பின்னால் திருத்த சுலபம்?

அம்புக்குறி:
அந்தக் கேள்விக்கு ஃப்ளோசார்ட்டில் இடமே கிடையாது சார். அது அடுத்தடுத்து நடப்பதை மட்டும்தான் சொல்லும். லேட் பேமெண்ட் வரிசை பார்த்து வராது. ஸ்டேட் டயகிராம் போடுங்க: ஒவ்வொரு பெட்டியும் ஒரு நிலை, ஒவ்வொரு அம்பும் அந்த நிலையை மாற்றும் நிகழ்வு.

முதலில் எதனுடைய நிலை என்று முடிவு பண்ணுங்க: சீட்டா, புக்கிங்கா? இரண்டையும் ஒரே படத்தில் கலப்பதுதான் வழக்கமான தப்பு. சீட் திரும்பக் காலியாகும். ரத்தான புக்கிங் அப்படியே கிடக்கும். புக்கிங்குக்கு ஹோல்ட், பேமெண்ட் நடப்பில், உறுதி, காலாவதி, ரத்து என்று 5 நிலை. வரக்கூடிய நிகழ்வு 6: பே பட்டன், பேமெண்ட் வெற்றி, பேமெண்ட் தோல்வி, டைம்அவுட், பயணி ரத்து, ஆபரேட்டர் ரத்து.

படத்தோடு நிறுத்தாதீங்க. போடாமல் விட்ட அம்பு படத்தில் கண்ணுக்குத் தெரியாது. இதையே எக்செலில் 5 வரிசை, 6 நெடுவரிசையாகப் போட்டால் 30 கட்டம். ஒவ்வொன்றிலும் புது நிலை, "கண்டுகொள்ளாதே", "நடக்கவே நடக்காது" மூன்றில் ஒன்று இருக்கணும். வெற்றுக் கட்டம் என்றால் எழுதாமல் விட்ட தேவை.

மூன்று கட்டத்தில் மட்டும் நின்று யோசிங்க. காலாவதியான புக்கிங்குக்குப் பேமெண்ட் வெற்றி: சீட் இன்னும் காலியா என்று பார்த்து உறுதி செய்வதா, நேரே ரீஃபண்டா? உறுதியானதற்கு மறுபடி பேமெண்ட் வெற்றி: பேமெண்ட் கேட்வே ஒரே வெப்ஹூக்கை (பணம் வந்ததைச் சொல்லும் தானியங்கிச் செய்தி) சில சமயம் இரண்டு தடவை அனுப்பும், கண்டுகொள்ளக் கூடாது. பேமெண்ட் நடப்பில் இருக்கும்போது டைம்அவுட்: ஹோல்டை நீட்டிப்பதா இல்லையா, இதைக் கிளையண்ட்தான் சொல்லணும்.

கட்டம்போட்டசட்டை:
மேலே சொன்னது சரி. ஆனால் ரீஃபண்ட் விதியையும் ஸ்டேட் டயகிராமில் திணிக்க வேண்டாம், அதற்கு டிசிஷன் டேபிள்தான் (நிபந்தனைகளின் ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு நெடுவரிசை). 24 மணி நேரத்துக்கு முன்பா, சலுகை டிக்கெட்டா, ரத்து செய்தது ஆபரேட்டரா என்ற 3 ஆம்/இல்லை நிபந்தனைக்கு 8 நெடுவரிசை. ஆபரேட்டர் ரத்து என்றால் முழுத் தொகை என்று வைத்தால் அதில் 4 நெடுவரிசை ஒன்றாகச் சேர்ந்துவிடும்; ஆக மொத்தம் 5 விதி. டைமண்டாக வரைந்தால் அரைப் பக்கம் போகும். சரியாக 24:00 மணி எந்தப் பக்கம், அந்த நேரம் பஸ் கிளம்பும் இடத்துக்கா, பயணி ஏறும் ஸ்டாப்புக்கா என்பதையும் அடியில் எழுதிடுங்க. சண்டை அங்கேதான் வரும்.

பயணி, பேமெண்ட் கேட்வே, ஆபரேட்டர் மூவருக்குள் நடப்பதைக் காட்ட பிபிஎம்என் (வேலை ஓட்டத்தை வரையும் குறியீட்டு முறை) எடுத்தால் ஒரு எச்சரிக்கை: அதில் கேட்வே என்றால் கிளை பிரியும், சேரும் குறி; எக்ஸ் கேட்வேயில் (ஒரு கிளை மட்டும் போகும்) பிரித்ததை பிளஸ் கேட்வேயில் சேர்க்காதீங்க. பிளஸ் எல்லாக் கிளைக்கும் காத்திருக்கும். வந்ததோ ஒரு கிளைதான். ஃப்ளோ அங்கேயே தொங்கிப்போகும்.

டெக்ஸ்ட்டேபோதும்:
டூல் பற்றி: மெர்மெய்ட் அல்லது பிளாண்ட்யூஎம்எல். இரண்டிலும் டெக்ஸ்ட்டாக எழுதினால் அதுவே படமாக வரைந்துவிடும். படம் டெக்ஸ்ட்டாக இருப்பதால் எந்த அம்பு மாறியது என்று கிட் டிஃப்பிலேயே (பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டுவது) தெரியும். 2022 பிப்ரவரியிலிருந்து கிட்ஹப் மெர்மெய்டை நேரடியாகக் காட்டுகிறது. லேஅவுட் மட்டும் நம் கையில் இல்லை; 15 பெட்டியைத் தாண்டினால் கோடுகள் நூல்கண்டாகிவிடும், படத்தை உடைக்கணும். மெர்மெய்ட் ஃப்ளோசார்ட்டில் ஒரு பெட்டிக்குச் சிறிய எழுத்தில் 'எண்ட்' என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்தால் படம் உடைந்துவிடும், முதல் எழுத்தைப் பெரிதாக்குங்க.

ஒவ்வொரு அம்பின் மேலும் தேவை எண் போடுங்க, "தே-23" மாதிரி. டெஸ்டருக்கு ஓர் அம்பு குறைந்தது ஒரு டெஸ்ட் கேஸ்.

யூஸ் கேஸ் படம் 14 அதிகம். யார் யார் சிஸ்டத்தைத் தொடுகிறார்கள் என்று ஒன்றே போதும். மிச்சம் வைப்பதானால் அம்புத் திசையைச் சரிபாருங்க: இன்க்ளூடில் (எப்போதும் கூடவே நடப்பது) அம்பு முக்கிய யூஸ் கேஸிலிருந்து கிளம்பும், எக்ஸ்டெண்டில் (சில சமயம் மட்டும் சேர்வது) அதை நோக்கி வரும். பாதி ஆவணங்களில் தலைகீழ்தான்.

சன்னலோரசீட்:
நன்றி. கிளையண்டுக்கு ஸ்டேட் டயகிராம் புரியுமா?

அம்புக்குறி:
படத்தைக் காட்டிப் புரியவைக்க மெனக்கெட வேண்டாம். "காலாவதியான பிறகு பணம் வந்தால் ரீஃபண்ட், சரியா?" என்று கட்டம் கட்டமாக வாசிங்க. கையெழுத்தையும் அந்த 30 கட்டத்துக்கு அடியிலேயே வாங்குங்க.