தலையாட்டிப் பொம்மை தீமில் 4 வயசுப் பிறந்தநாள், வீட்டிலேயே

கேள்வி: தஞ்சாவூர், மே மாசம், 12 குழந்தைகள். ஆளுக்கொரு பொம்மை செய்ய வைக்கணும். கேக்கும் வீட்டில்தான், ஓவன் இல்லை. எப்படிங்க?

பதில் 1: பிளாஸ்டிக் பந்தைப் பாதியா வெட்டி, உள்பக்கம் அடியில் களிமண் அப்பி முதல் நாளே காயவிடுங்க. காய்ந்ததும் மண் சுருங்கிக் கழன்றுடும், பசை வைத்துத் திரும்ப ஒட்டணும். மேலே அட்டையைக் கூம்பாச் சுருட்டி ஒட்டுங்க. நிமிராமல் சாய்ந்தே கிடந்தால் மேல்பாரம் அதிகம், கூம்பைக் குட்டையாக்குங்க. குழந்தைகளுக்கு வண்ணம் தீட்டுற வேலை மட்டும் போதும்.

பதில் 2: கேக்குக்கு குக்கர் போதும். கேஸ்கெட், வெயிட் ரெண்டையும் கட்டாயம் எடுத்துடுங்க. தண்ணீர் வேண்டாம், உப்பு பரப்பி, ஸ்டாண்ட் வைத்து 10 நிமிஷம் சூடாக்கி, கேக் மாவுப் பாத்திரத்தை அதன்மேல் வைத்து, சிறுதீயில் 40-45 நிமிஷம். பாதியில் திறந்தால் நடுவில் அமுங்கிடும். நம்ம ஊர் வெயிலுக்கு கிரீம் உருகி வழியும், தவிர்த்துடுங்க.

பதில் 3: பலூன் வெடித்தால் துண்டுகளை உடனே பொறுக்கிடுங்க. வாயில் போட்டால் மூச்சடைக்கும்.