கிரவுட்ஃபண்டிங் வழியாகப் புத்தொழில் நிறுவனத்தில் முதலீடு: எஸ்.இ.சி. விதிகள் குறித்துச் சில ஐயங்கள்

தென்றல்வாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் பணிபுரியும் நான் இதுவரை ஓய்வூதியக் கணக்கிலும் குறியீட்டு நிதிகளிலும் மட்டுமே சேமித்து வந்திருக்கிறேன். அண்மையில் ஒரு கூட்டுநிதித் (கிரவுட்ஃபண்டிங்) தளத்தில், மருத்துவக் கருவிகளுக்கான மென்பொருளை உருவாக்கும் சிறு நிறுவனம் ஒன்று பொதுமக்களிடம் முதலீடு திரட்டுவதைக் கண்டேன். குறைந்தபட்ச முதலீடு 250 டாலர், இலக்குத் தொகை 50,000 டாலர், அதிகபட்சமாகத் திரட்ட விரும்பும் தொகை 12 லட்சம் டாலர் என்று அப்பக்கத்தில் குறிப்பிடப்பட்டுள்ளது.

அமெரிக்கப் பங்கு, பத்திரச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் அரசு ஆணையமான எஸ்.இ.சி.யின் விதிகளுக்கு உட்பட்டது என்ற வாசகம் அங்கே பெரிதாக இடம்பெற்றிருக்கிறது. அரசு அமைப்பு அந்த நிறுவனத்தை ஆராய்ந்து அனுமதித்திருக்கிறது என்று இதைப் பொருள்கொள்ளலாமா? என் ஆண்டு வருமானம் 80,000 டாலர். குடியிருக்கும் வீட்டை நீக்கிவிட்டுப் பார்த்தால் நிகரச் சொத்து மதிப்பு ஏறத்தாழ 60,000 டாலர். நான் எவ்வளவு வரை முதலீடு செய்ய முடியும்? மேலும், அவர்கள் தருவது பங்கு அல்ல, 'சேஃப்' என்னும் ஒப்பந்தம் என்கிறார்கள். மதிப்பீட்டு உச்சவரம்பு 1 கோடி டாலர் என்று அதில் எழுதியிருக்கிறது. இதை வைத்திருப்பவருக்குப் பணம் எப்போது, எந்த வழியில் திரும்பி வரும் என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பேரேடு:

முதல் ஐயத்திற்கான விடை, பொருள்கொள்ள முடியாது என்பதே. எஸ்.இ.சி. அந்த நிறுவனத்தின் தரத்தையோ விலையையோ மதிப்பிடவில்லை. நிறுவனம் 'படிவம் சி' என்னும் ஆவணத்தை ஆணையத்தின் எட்கர் மின்தளத்தில் தாக்கல் செய்கிறது. தாக்கல் செய்தபின் ஒப்புதலுக்காகக் காத்திராமல் விற்பனையைத் தொடங்கிவிடலாம். ரெகுலேஷன் ஏ என்ற வேறொரு வழி இருக்கிறது. அதன் இரண்டாம் நிலையில் 12 மாதங்களில் 7.5 கோடி டாலர் வரை திரட்டலாம், ஆனால் அங்கே ஆணையம் ஆவணத்தைப் படித்துத் தகுதிச் சான்று அளித்த பிறகே விற்க முடியும். தாங்கள் பார்த்தது அந்த வகையைச் சேர்ந்ததல்ல.

1933ஆம் ஆண்டின் பத்திரச் சட்டப்படி, முதலீட்டுப் பத்திரத்தை விற்பவர் ஒன்று அதைப் பதிவு செய்ய வேண்டும், அல்லது விலக்கு ஒன்றின்கீழ் வர வேண்டும். சிறு நிறுவனங்கள் பயன்படுத்திய விலக்குகள் பெரும்பாலும் 2 லட்சம் டாலருக்கு மேல் ஆண்டு வருமானமோ, குடியிருக்கும் வீடு நீங்கலாக 10 லட்சம் டாலருக்கு மேல் சொத்தோ உடையவர்களையே நம்பி இருந்தன. சிறு நிறுவனங்கள் நிதி திரட்டுவதை எளிதாக்க 2012 ஏப்ரலில் கையெழுத்தான ஜாப்ஸ் சட்டத்தின் மூன்றாம் பகுதி சாதாரண வருமானம் உடையவர்களுக்கும் இந்தக் கதவைத் திறந்தது. அதற்கான விதிகள் 2016 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வந்தன. தொடக்கத்தில் ஒரு நிறுவனம் 12 மாதங்களில் திரட்டக்கூடிய தொகை ஏறத்தாழ 10 லட்சம் டாலராக இருந்தது. 2021 மார்ச்சில் அது 50 லட்சமாக உயர்த்தப்பட்டது.

ஒப்புதலுக்குப் பதிலாகச் சட்டம் கேட்பது வெளிப்படைத்தன்மையை. வணிகத் திட்டம், இயக்குநர்கள், 20 விழுக்காடோ அதற்கு மேலோ வாக்குரிமை வைத்திருப்போர், பணத்தை எதற்குச் செலவிடப் போகிறார்கள், ஏற்கெனவே உள்ள கடன்கள், நிறுவனத்துக்கும் அதன் இயக்குநர்களுக்கும் இடையே நடந்த கொடுக்கல் வாங்கல்கள் ஆகியவை படிவம் சி-யில் இருக்க வேண்டும். கணக்கறிக்கையின் தரம் திரட்டும் தொகையைப் பொறுத்தது. 1,24,000 டாலர் வரை திரட்டும் நிறுவனத்தின் கணக்கை அதன் தலைமை நிர்வாகியே சான்றளித்தால் போதும். அதற்கு மேல் 6,18,000 வரை வெளிக் கணக்காளர் ஒருவரின் மீளாய்வு தேவை. அதையும் தாண்டினால் முழுத் தணிக்கை வேண்டும். ஆயினும் இந்த வழியில் முதன்முறையாக வருபவர்களுக்கு 12,35,000 டாலர் வரை மீளாய்வே போதுமென்று சலுகை உண்டு. தாங்கள் பார்த்த நிறுவனம் 12 லட்சத்தில் நிறுத்திக்கொண்டதற்கு அந்த எல்லை காரணமாக இருக்கக்கூடும். மீளாய்வு என்பது தணிக்கை அல்ல. கணக்காளர் கேள்விகள் கேட்டு எண்களை ஒப்புநோக்குவாரே தவிர, வங்கி இருப்பையும் விற்பனைச் சீட்டுகளையும் தனியே சரிபார்க்கும் கடமை அவருக்கு இல்லை.

தங்களுக்கான வரம்பைக் கணக்கிடுவது எளிது. வருமானம், நிகரச் சொத்து ஆகிய இரண்டில் ஏதேனும் ஒன்று 1,24,000 டாலருக்குக் குறைவாக இருந்தால், இரண்டில் பெரியதன் 5 விழுக்காடு அல்லது 2,500 டாலர், இவற்றுள் எது அதிகமோ அது வரம்பு. தங்களுக்குப் பெரியது 80,000. எனவே 4,000 டாலர். இது 12 மாதங்களில் இவ்வகை முதலீடுகள் அனைத்துக்கும் சேர்த்த வரம்பு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நான்கு தளங்களில் நான்கு கணக்குகள் வைத்திருந்தாலும் வரம்பு ஒன்றே. மற்ற தளங்களில் தாங்கள் என்ன செய்தீர்கள் என்பதை ஒரு தளம் தங்கள் சொல்லை நம்பியே ஏற்கிறது. ஆகவே கணக்கு வைத்துக்கொள்ளும் பொறுப்பு நடைமுறையில் தங்களுடையதே.

தளத்தைப் பொறுத்தவரை, அது எஸ்.இ.சி.யில் பதிவு பெற்று, தரகு நிறுவனங்களைக் கண்காணிக்கும் சுய ஒழுங்குமுறை அமைப்பான ஃபின்ராவில் உறுப்பினராக இருக்க வேண்டும். ஃபின்ராவின் இணையப் பக்கத்தில் அதைச் சரிபார்க்கலாம். தரகு நிறுவனமாக இல்லாத தளம் முதலீட்டு ஆலோசனை கூறக்கூடாது, தங்கள் பணத்தைத் தன் கையில் வைத்திருக்கவும் கூடாது. பணம் மூன்றாம் தரப்பின் எஸ்க்ரோ கணக்கில், அதாவது நிபந்தனை நிறைவேறும்வரை பணத்தைப் பிடித்துவைக்கும் கணக்கில் இருக்கும். இலக்கை எட்டாவிட்டால் முழுவதும் திரும்பி வரும். கெடு முடிவதற்கு 48 மணி நேரத்துக்கு முன்பு வரை காரணம் எதுவும் கூறாமல் தாங்கள் விலகிக்கொள்ளலாம்.

சேஃப் பற்றித் தனியே எழுத வேண்டும். புத்தொழில் நிறுவனங்களை வளர்த்தெடுக்கும் ஒய் காம்பினேட்டர் என்னும் அமைப்பு 2013இல் வெளியிட்ட இந்த ஒப்பந்த வடிவம், தொழில்முறை முதலீட்டாளர்கள் அடுத்தடுத்த நிதி திரட்டல் சுற்றுகளில் பணம் போடும் சூழலுக்காக உருவானது. இதில் வட்டி இல்லை, முதிர்வு நாள் இல்லை, வாக்குரிமை இல்லை. நிறுவனம் பின்னாளில் விலை நிர்ணயித்துப் பங்குகளை விற்கும்போது, அல்லது விற்கப்படும்போது, இது பங்காகவோ பணமாகவோ மாறும். தாங்கள் 1,000 டாலர் தருகிறீர்கள், அடுத்த சுற்றில் நிறுவனத்தின் மதிப்பு 2 கோடி டாலராகிறது என்று கொள்வோம். உச்சவரம்பு என்பது தங்கள் பங்கின் விலையைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் அதிகபட்ச நிறுவன மதிப்பு; அது 1 கோடி என்பதால் புதியவர்கள் தரும் விலையில் ஏறத்தாழப் பாதிக்கே தங்களுக்குப் பங்கு கிடைக்கும், அதாவது அன்றைய விலையில் சுமார் 2,000 டாலர் மதிப்புள்ள பங்குகள். மாறாக அடுத்த சுற்று 60 லட்சம் டாலர் மதிப்பில் நடந்தால் உச்சவரம்பால் தங்களுக்கு எந்தப் பயனும் இல்லை. அந்த 1 கோடி, நிறுவனத்தின் மதிப்பு என்று எவரும் சான்றளித்த எண் அல்ல, அவர்களே எழுதிக்கொண்டது.

இவற்றைவிடக் கவலைக்குரியது மூன்றாவது நிலை. நிறுவனம் நன்றாகவே நடக்கிறது, இலாபமும் ஈட்டுகிறது, ஆனால் அடுத்த சுற்று நிதி அதற்குத் தேவைப்படவில்லை. அப்போது சேஃப் மாறுவதற்கான நிகழ்வே நேராது, ஆண்டுகள் கடந்தாலும் தங்கள் கையில் இருப்பது அதே தாள்தான். கூட்டுநிதித் தளங்களில் வழங்கப்படும் சில சேஃப்களில், அடுத்த சுற்று நடந்தாலும் மாற்றுவதா வேண்டாமா என்ற முடிவு நிறுவனத்தின் விருப்பத்துக்கே விடப்பட்டிருக்கும். எஸ்.இ.சி. 2017இலேயே சிறு முதலீட்டாளர்களுக்கு இதைப்பற்றி எச்சரிக்கைக் குறிப்பு வெளியிட்டது. தாங்கள் பார்த்த ஒப்பந்தத்தில், பங்காக மாறுதல் பற்றிய பிரிவில் மாற வேண்டும் என்றிருக்கிறதா, மாற்றலாம் என்றிருக்கிறதா என்று பாருங்கள்.

முதல்முயற்சி:

பேரேடு ஐயா முதலீட்டாளர் பக்கம் நின்று எழுதிவிட்டார். இந்த வழியில் நிதி திரட்டிய சிறு நிறுவனம் ஒன்றில் பங்காற்றியவன் என்ற முறையில் மறுபக்கத்தைச் சொல்கிறேன், ஏனெனில் நிறுவனம் இந்த வழிக்கு ஏன் வருகிறது என்று தெரிந்தால் அதை எடைபோடுவது எளிதாகும்.

துணிகர முதலீட்டு நிதியங்கள் தங்கள் நிதிக்கே பன்மடங்கு ஈட்டித்தரக்கூடிய ஒருசில நிறுவனங்களைத் தேடுகின்றன. மிதமாக வளர்ந்து இலாபம் ஈட்டக்கூடிய தொழில் அவற்றின் கணக்குக்குப் பொருந்தாது. அத்தகைய நிறுவனத்துக்கு, தன் பொருளை ஏற்கெனவே வாங்கிப் பயன்படுத்துபவர்களிடமே முதலீடு கேட்பது நியாயமான வழி. எனவே கிரவுட்ஃபண்டிங்குக்கு வந்துவிட்டாலே பெரியவர்கள் கைவிட்ட நிறுவனம் என்று முடிவு கட்டுவது சரியல்ல. சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை.

இது மலிவான வழியும் அல்ல. திரட்டிய தொகையில் ஒரு பகுதியைத் தளம் கட்டணமாக எடுத்துக்கொள்கிறது, சில தளங்கள் அதற்கு மேல் நிறுவனத்தின் பத்திரங்களிலும் ஒரு பங்கைப் பெறுகின்றன. கணக்காளர், வழக்கறிஞர், காணொளி, விளம்பரம் என்று பணம் வருவதற்கு முன்பே செலவு தொடங்கிவிடும். விளம்பரத்திலும் கட்டுப்பாடு உண்டு: விலை, தொகை, கெடு போன்ற நிபந்தனைகளைத் தளத்துக்கு வெளியே குறிப்பிடும் அறிவிப்பு மிகச் சுருக்கமாக இருந்து, படிப்பவரைத் தளத்துக்கே அனுப்ப வேண்டும். ஆனால் தளத்தின் உரையாடல் பகுதியில் நிறுவனர் தம் அடையாளத்தைத் தெரிவித்துவிட்டு எதையும் விரிவாகப் பேசலாம். ஊதியம் பெற்றுக்கொண்டு புகழ்பவர் அதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். முதலீடு செய்வதற்கு முன் அங்கே கடினமான கேள்வி ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். நல்ல நிறுவனர் எண்களோடு பதிலளிப்பார். நன்றி கூறிக் கைகூப்பும் படத்தை மட்டும் இட்டுச் செல்பவரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

பங்குதாரர் பட்டியலில் நூற்றுக்கணக்கான சிறு பெயர்கள் சேர்ந்தால் பின்னால் வரும் பெரிய முதலீட்டாளர்கள் தயங்குவார்கள் என்ற அச்சம் நிறுவனர்களிடம் உண்டு. 2021 திருத்தத்துக்குப் பிறகு, அனைவரையும் ஒரே துணை அமைப்பின்கீழ்த் திரட்டி, பட்டியலில் ஒற்றைப் பெயராகக் காட்ட முடியும். அப்படி அமைந்திருந்தால் தாங்கள் அந்தத் துணை அமைப்பின் வழியாகவே உரிமை பெறுவீர்கள். அது படிவத்தில் குறிப்பிடப்பட்டிருக்கும்.

கரையோரன்:

தென்றல்வாசி அவர்களே, நீங்கள் கொடுத்த எண்களில் எனக்கு உறுத்துவது அந்த 50,000 டாலர் இலக்குதான். இலக்கை எட்டாவிட்டால் பணம் திரும்பும் என்ற பாதுகாப்பு, இலக்கு உண்மையான தேவையை ஒட்டி இருந்தால் மட்டுமே பயனுள்ளது. மருத்துவத் துறைக்கான மென்பொருளைச் சோதித்து, ஒழுங்குமுறை அனுமதி பெற்று, சந்தைக்குக் கொண்டுவர 50,000 டாலர் எந்த மூலைக்குப் போதும்? இலக்கைத் தாழ்வாக வைப்பது சட்டப்படி குற்றமல்ல. ஆனால் 51,000 டாலர் மட்டும் திரண்டால் நிறுவனம் அதை எடுத்துக்கொள்ளும், நீங்கள் பாதி வழியில் நிற்கும் முயற்சியின் முதலீட்டாளராகி இருப்பீர்கள். இலக்குத் தொகை மட்டும் கிடைத்தால் என்ன செய்வோம், அதற்கு மேல் கிடைத்தால் என்ன செய்வோம் என்பதைப் படிவம் சி-யில் கூற வேண்டும். அந்தப் பகுதியை முதலில் படியுங்கள்.

48 மணி நேர விலகல் உரிமையிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. விற்பனை குறைந்தது 21 நாள் திறந்திருந்து இலக்கும் எட்டப்பட்டுவிட்டால், குறைந்தது ஐந்து வேலை நாள் முன்னறிவிப்புக் கொடுத்துக் கெடுவை முன்கூட்டியே முடிக்க நிறுவனத்தால் முடியும். அந்த மின்னஞ்சலைத் திறக்காமல் விட்டவருக்கு விலகல் உரிமை கைநழுவிப் போகும்.

முதல்முயற்சி கூறிய வாடிக்கையாளர் முதலீடு பற்றி எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. ஒரு பொருளை விரும்புவதும் அதைச் செய்யும் நிறுவனத்தின் நிதிநிலையைக் கணிப்பதும் வெவ்வேறு வேலைகள். முன்னது பின்னதைப் பெரும்பாலும் மறைத்துவிடுகிறது. வரம்பு 4,000 என்றால் அதை ஒரே நிறுவனத்தில் போட வேண்டியதில்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் 250 டாலருக்கு மேல் போக மாட்டேன், அதுவும் திரும்பி வராது என்று வைத்துக்கொண்டே கொடுப்பேன்.

தென்றல்வாசி:

மூவருக்கும் நன்றி. ஒப்பந்தத்தைத் திறந்து பார்த்தேன். பங்காக மாற்றுவது நிறுவனத்தின் விருப்பத்துக்கு உட்பட்டது என்றே எழுதியிருக்கிறது. இன்னும் ஓர் ஐயம். பணம் கொடுத்த பிறகு நான் விற்க விரும்பினால் முடியுமா? நிறுவனம் எந்தத் தகவலும் தராமல் ஓராண்டு, ஈராண்டு என்று மௌனமாகிவிட்டால் எனக்கு என்ன வழி?

பேரேடு:

முதல் ஓராண்டுக்கு நிறுவனத்துக்கே திருப்பி விற்பது, தகுதிபெற்ற பெரிய முதலீட்டாளருக்கு விற்பது, குடும்பத்தாருக்கு மாற்றுவது போன்ற சில விதிவிலக்குகள் தவிர வேறு எவருக்கும் விற்க முடியாது. ஓராண்டுக்குப் பிறகு சட்டத்தடை நீங்கும், ஆனால் ஒப்பந்தத்தில் தனித் தடை இருக்கலாம். அதுவும் இல்லாவிட்டால்கூட வாங்குபவர் கிடைப்பது அரிது. ஆகவே நிறுவனம் விற்கப்படும்வரை அல்லது பங்குச்சந்தைக்கு வரும்வரை பணம் முடங்கும் என்று கொள்வதே நடைமுறை.

தகவலைப் பொறுத்தவரை, ஒவ்வொரு நிதியாண்டு முடிந்த 120 நாட்களுக்குள் 'படிவம் சி-ஏஆர்' என்னும் ஆண்டறிக்கையை எட்கரில் தாக்கல் செய்து, தன் இணையதளத்திலும் வெளியிடுவது நிறுவனத்தின் கடமை. தாக்கல் செய்யத் தவறினால், நிலுவையில் உள்ள அறிக்கைகளை முடிக்கும்வரை அது இந்த வழியில் மீண்டும் நிதி திரட்ட முடியாது. மறுபடி திரட்டும் எண்ணமே இல்லாத நிறுவனத்துக்கு அந்தத் தடை பெரிதாக வலிக்காது என்பது இவ்விதிகளின் பலவீனம். படிவத்தில் முக்கியமான செய்தியைத் திரித்தோ மறைத்தோ விற்றிருந்தால், நிறுவனத்தின்மீதும் அதன் இயக்குநர்கள்மீதும் பணத்தைத் திரும்பக் கேட்டு வழக்குத் தொடரச் சட்டம் இடம் தருகிறது. வெறும் மௌனத்துக்கும் தோல்விக்கும் அது பொருந்தாது.

மௌனம் சட்டப்படியே தொடங்குவதும் உண்டு. ஓர் ஆண்டறிக்கையாவது தாக்கல் செய்து, பதிவேட்டில் 300க்கும் குறைவான பத்திரதாரர்களே இருந்தால் நிறுவனம் அறிக்கையிடுவதை நிறுத்திக்கொள்ளலாம். மூன்று ஆண்டறிக்கைகள் முடித்து, மொத்தச் சொத்து 1 கோடி டாலரைத் தாண்டாவிட்டாலும் நிறுத்தலாம். அவ்வாறு நிறுத்தும்போது 'படிவம் சி-டிஆர்' தாக்கல் செய்ய வேண்டும். நிறுவனத்தின் பெயரை எட்கரில் தேடி, கடைசியாக வந்தது சி-ஏஆரா, சி-டிஆரா, அல்லது இரண்டும் இல்லையா என்று பார்த்தால் மௌனத்தின் தன்மை விளங்கிவிடும். இதே நிறுவனம் முன்பு ஒருமுறை இவ்வழியில் திரட்டியிருந்தால், பணம் போடுவதற்கு முன்பே அந்தத் தேடலைச் செய்துவிடுங்கள்; பழைய ஆண்டறிக்கைகளை உரிய காலத்தில் கொடுத்தார்களா என்பது அங்கே தெரியும்.