புடலைப் பந்தல்: புதுப்பிப்பு

ஆடியில் புடலை விதைத்தபோது, பந்தல் காலுக்கு மூங்கிலா சவுக்கா என்று கேட்டிருந்தேன். சவுக்கே போட்டேன். திருவையாறு பக்கம் எங்கள் கொல்லை வண்டல் மண், மழையில் சேறாகிவிடும். அதனால் இரண்டடிக் குழி எடுத்துச் செங்கல் ஜல்லி போட்டு இடித்தேன். ஆறடி உயரத்தில் குறுக்கே மூங்கில்.

மேலே தேங்காய்நார்க் கயிறு கட்டியதுதான் தப்பு. ஐப்பசி மழையில் நனைந்து தொய்ந்து, ஒரு மூலை காயோடு இறங்கிவிட்டது. அப்புறம் கட்டுக்கம்பி இழுத்துக் கட்டினேன், இப்போது அசையவில்லை.

அம்மா சொன்னபடி பிஞ்சு நுனியில் சின்னக் கல் கட்டினேன். காய் சுருளாமல் நேராக இறங்குகிறது. காலையில் பந்தலுக்கு அடியில் போய் நின்றால் அத்தனை சந்தோஷம். சவுக்குதான் சரி என்று சொன்னவர்களுக்கு நன்றி. கொடி ஓய்ந்ததும் அதே பந்தலில் பாகல் ஏற்றுவேன்.