ஒரே மென்பொருளுக்கு வந்த மேற்கோள்கள்: இவர் பெரிய ஆய்வாளரா, இல்லையா?

கூழாங்கல்:
ஒரு தேர்வுக் குழுவில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். கணினிசார் உயிரியல் துறைக்கு ஆள் எடுக்கிறோம். ஒரு விண்ணப்பதாரரின் கூகுள் ஸ்காலர் பக்கத்தைத் திறந்தால் மேற்கோள் எண்ணிக்கை, அதாவது பிறர் தங்கள் கட்டுரைகளில் இவருடையதைச் சுட்டிய கணக்கு, மலை மாதிரி நிற்கிறது. கீழே இறங்கிப் பார்த்தால் அதில் பெரும்பகுதி ஒரே பேப்பருக்கு. பத்து வருடத்துக்கு முன் அவர் எழுதிய ஒரு மென்பொருளை அறிமுகப்படுத்தும் சின்னக் கட்டுரை அது. மற்றவை சுமார் ரகம். குழுவில் பாதிப் பேர் “இவரை விட்டுவிடாதீர்கள்” என்கிறார்கள். “நிரல் எழுதினார், சரி, உயிரியலில் என்ன கண்டுபிடித்தார்?” என்று கேட்கிற கட்சியில் நான் இருக்கிறேன். அடிக்க வருகிறவர்கள் வரலாம்.

வரிசைக்காரன்:
வந்துவிட்டேன். 2014-ல் நேச்சர் இதழ், அதுவரை அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட 100 கட்டுரைகளின் பட்டியலை வெளியிட்டது. 10-ஆவது இடத்தில் கிளஸ்டல் டபிள்யூ (1994), 12-ஆவது இடத்தில் பிளாஸ்ட் (1990). இரண்டும் மரபணு, புரத வரிசைகளை ஒப்பிடும் நிரல்கள். டிஎன்ஏ இரட்டைச் சுருளைச் சொன்ன வாட்சன், கிரிக் கட்டுரை நூறுக்குள்ளேயே வரவில்லை.

“வெறும் நிரல்” என்கிறீர்களே, பிளாஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். துல்லியமான ஒப்பீட்டு முறையை ஸ்மித்தும் வாட்டர்மேனும் 1981-லேயே கொடுத்துவிட்டார்கள். தரவுத்தளம் பெருகப் பெருக அது நத்தையாகிவிட்டது. முதலில் சின்னத் துண்டுகளின் பொருத்தத்தைப் பிடி, அங்கிருந்து இருபக்கமும் நீட்டு என்பது ஒரு யோசனை. கிடைத்த பொருத்தம் தற்செயலாக வந்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குச் சொன்னது அதைவிடப் பெரிய யோசனை. அது அறிவியல் இல்லாமல் வேறென்ன?

கூழாங்கல்:
அதே பட்டியலில் முதலிடம் யாருக்கு? கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் செய்முறைக்கு, லோரியும் கூட்டாளிகளும் 1951-ல் எழுதியது. அது அப்படியொன்றும் பெரிய கட்டுரை இல்லை என்று லோரியே பிற்பாடு எழுதிவைத்தார். எண்ணிக்கை காட்டுவது பழக்கத்தை, பெருமையை இல்லை. பிளாஸ்டுக்குத் தலைவணங்குகிறேன். எங்கள் ஆளின் மென்பொருள் பிளாஸ்ட் இல்லை.

பைப்பெட்:
நான் ஆய்வுக்கூடத்தில் நிற்கிற ஆள், ஒரு வாக்குமூலம். எங்கள் பேப்பர்களில் “டீசெக்2 பயன்படுத்தினோம்” என்று எழுதி, மரபணுக்களின் செயல்பாட்டு அளவை ஒப்பிடும் அந்த மென்பொருளை அறிமுகப்படுத்திய 2014 கட்டுரையை மேற்கோள் காட்டுவோம். நான் அதைப் படித்ததில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போன ஸ்கிரிப்டில் அந்த வரி இருந்தது, கூடவே மேற்கோளும் வந்துவிட்டது.

வரிசைக்காரன்:
படிக்காதது உங்கள் பாவம், எழுதியவர் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்? ஆயிரம் பேர் படிக்காமலே நம்பி ஓட்டுகிற அளவுக்கு ஒரு நிரல் ஒழுங்காக ஓடுகிறதென்றால், எனக்கு அதுதான் பாராட்டு. அப்புறம், “உயிரியலில் என்ன கண்டுபிடித்தார்” என்ற கேள்விக்கு 2024-லேயே பதில் வந்தாயிற்று. வேதியியல் நோபல் பேக்கர், ஹசாபிஸ், ஜம்பர் மூவருக்கும். புரதத்தின் வடிவத்தைக் கணினியில் கணித்ததற்கும், புதிதாக வடிவமைத்ததற்கும்.

கூழாங்கல்:
அரை நூற்றாண்டாக நின்ற சிக்கலை அவிழ்த்ததற்குக் கொடுத்தார்கள். மேற்கோளை எண்ணிப் பார்த்துக் கொடுக்கவில்லை.

எண்ணினால் என்ன ஆகும் தெரியுமா? பயோஇன்ஃபர்மேடிக்ஸ் இதழ் 2019-ல் ஒரு மதிப்பீட்டாளரை இனி வேண்டாம் என்று விலக்கியது. பிறர் அனுப்பிய கட்டுரையை மதிப்பிடும் சாக்கில், ஒவ்வொரு முறையும் சராசரியாக 35 மேற்கோள்களைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். அதில் 90 சதவீதம் அவருடைய சொந்தக் கட்டுரைகள்! நம் துறையிலேயே நடந்தது.

வரிசைக்காரன்:
கள்ள நோட்டு இருக்கிறது என்பதற்காகப் பணமே செல்லாது என்பீர்களா?

புரதப்பித்தன்:
நீங்கள் இருவரும் வந்து சேர்கிற மேற்கோளையே பேசுகிறீர்கள். வராமலே போவதையும் பாருங்கள். 1963-ல் ராமச்சந்திரனும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும், புரதச் சங்கிலியில் அணுக்கள் ஒன்றையொன்று இடிக்காமல் எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று கணக்குப் போட்டார்கள். இன்றைக்குப் புரத அமைப்பைச் சரிபார்க்கிற எவரும் ராமச்சந்திரன் வரைபடத்தைத் தாண்டிப் போக முடியாது. ஆனால் பெயர் வரைபடத்தோடு ஒட்டிக்கொண்டதால், மூலக் கட்டுரையைக் குறிப்பிடாமலே பலர் கடந்துவிடுகிறார்கள். மென்பொருளுக்கு அந்தக் கவலை இல்லை. ஓட்டி முடித்ததும் “எங்களை மேற்கோள் காட்டுங்கள்” என்று திரையிலேயே கேட்கிற மென்பொருள்கள் உண்டு. கருத்துக்குக் கேட்க வாய் ஏது?

வரிசைக்காரன்:
இது நல்ல அடி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தராசு இன்னொரு பக்கமும் கோணல். ஹிர்ஷ் 2005-ல் சொன்ன எச் இண்டெக்ஸில் (குறைந்தது பத்து மேற்கோள் வாங்கிய பேப்பர் பத்து இருந்தால் பத்துப் புள்ளி), ஒரு பேப்பருக்கு முப்பதாயிரம் மேற்கோள் வந்தாலும் அது ஒரே ஒரு பேப்பர்தான். இருபது இருபதாக மேற்கோள் வாங்கிய இருபது பேப்பர் வைத்திருப்பவர் இருபது புள்ளியோடு மேலே போய்விடுவார். கூழாங்கல், உங்கள் குழு இரண்டு எண்ணையும் பார்த்ததா, வசதியானதை மட்டும் பார்த்ததா?

பைப்பெட்:
நான் வேறொன்று கேட்கிறேன். அந்த மென்பொருளை இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள்? எங்களுக்கு ஒரு வழு வந்தால் ராத்திரியில் பதில் போடுகிற புண்ணியவான் பெரும்பாலும் முதல் கட்டுரையில் பெயர் இல்லாதவர். நாங்கள் காட்டுகிற மேற்கோள் எல்லாம் அந்தப் பழைய ஆசிரியர் பட்டியலுக்கே போய்ச் சேர்கிறது. பின்னால் சேர்ந்தவர் அதை அடியோடு திருத்தி எழுதியிருந்தாலும் அவர் கணக்கில் பூஜ்யம்.

கூழாங்கல்:
கேட்டதும் நிரல் களஞ்சியத்தைப் போய்ப் பார்த்தேன். முதல் மூன்று வருடம் முழுக்க எங்கள் விண்ணப்பதாரரின் கை. அப்புறம் வேறு இரண்டு பெயர்கள். ஆனால் பயனர்கள் கேட்ட கேள்விகளுக்குப் போன மாதம் வரை இவர்தான் பொறுமையாகப் பதில் சொல்லியிருக்கிறார். இதை எந்தத் தட்டில் வைப்பது? நேர்காணலில் எண்ணைப் பற்றிக் கேட்கப் போவதில்லை. எந்தத் திருத்தம் யாருடையது, எந்த முடிவை ஏன் எடுத்தார், இதையே கேட்கப் போகிறேன்.

வரிசைக்காரன்:
கேளுங்கள். அதே சூட்டோடு “கண்டுபிடிப்பு” பேப்பர்களோடு வந்திருக்கிற மற்ற விண்ணப்பதாரர்களிடமும், அதில் ஓடிய நிரலை யார் எழுதினார்கள் என்று கேட்டுவிட்டு வந்து இங்கே சொல்லுங்கள்.